நூறு வீட்டுக்கு 5 கார்: நியூயார்க் மூத்தோர் குடியிருப்புகளும் 2016 பார்க்கிங் விதியும்

2016 மார்ச் 22 அன்று நியூயார்க் மாநகர மன்றம், எந்த இடத்தில் எதை எந்த அளவில் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிக்கு ஒரு திருத்தத்தை 40க்கு 6 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. கட்டட உயரம், தரைத்தளத்தின் கூரை, முகப்பின் அமைப்பு என்று பல சங்கதிகளைத் தொட்ட பெரிய திருத்தம் அது. அதற்குள் ஒரு சிறு பகுதி இப்படிச் சொன்னது: சுரங்க ரயில் வசதி உள்ள வட்டாரங்களில், வருமானம் குறைந்த மூத்தோருக்காகக் கட்டப்படும் வீடுகளுக்கு இனி வாகன நிறுத்துமிடம் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் கட்டிக்கொள்ளலாம், கட்டித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் வற்புறுத்தாது.

கட்டாயத்தை நீக்கியது சரியே என்பது என் கருத்து. ஆனால் நீக்கச் சொன்னவர்களும் கூடாது என்றவர்களும் கடைசிவரை ஒரே ஒரு பொருளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்: அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர் சொந்தமாக வைத்திருக்கும் கார். மூத்தோர் குடியிருப்பின் வாசலில் வந்து நிற்கும் வண்டிகள் வேறு. அவற்றை யாரும் எண்ணவில்லை.

விதி வந்த வழி

அமெரிக்காவில் அடுக்குமாடி வீடுகளுக்கு இத்தனை கார் இடம் என்று முதலில் விதித்த நகரம் ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ், ஆண்டு 1923. நியூயார்க்கில் குடியிருப்புகளுக்கான கட்டாயம் 1950இல் நுழைந்தது. 1961இல் புதிய மண்டலச் சட்டம் வந்தபோது அது நகரெங்கும் வேரூன்றிவிட்டது. காரின் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போகும், தெரு நிரம்பிவிடும், ஆகவே வீடு கட்டுகிறவனே இடமும் கட்டட்டும் என்பது அன்றைய சிந்தனை.

1982இல் மான்ஹாட்டனின் மையப்பகுதிக்கு மட்டும் இது தலைகீழானது. காற்று மாசைக் கட்டுப்படுத்தியாக வேண்டிய நெருக்கடியில், அங்கே குறைந்தபட்ச அளவை எடுத்துவிட்டு அதிகபட்ச அளவை வைத்தார்கள். இத்தனைக்கு மேல் கட்டாதே என்று சொன்னார்கள். அதன்பின் மான்ஹாட்டன் இயங்காமல் நின்றுவிடவில்லை. 2016 விவாதத்தில் இந்த முன்னுதாரணம் எடுபட்டிருக்க வேண்டும். எடுபடவில்லை. நகரின் மற்றப் பகுதிகளான புரூக்ளினிலும் குயின்ஸிலும் பிராங்க்ஸிலும் வசிப்பவர்களுக்கு மான்ஹாட்டன் ஓர் உதாரணமே அல்ல. அது வேறு ஊர்.

மூத்தோர் வீடுகளுக்கு மற்ற வீடுகளைவிடக் குறைந்த விகிதம் முன்பே இருந்தது. மண்டலத்துக்கு மண்டலம் அது மாறும். அடர்த்தி குறைந்த மண்டலங்களில் நூறு வீட்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட இடம் கேட்டார்கள். அடர்த்தி கூடக்கூட எண் இறங்கும். சலுகைதான். ஆனாலும் அது எந்தக் கணக்கிலிருந்து கிடைத்த சலுகை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

பணம் எங்கே போனது

நகரத் திட்டமிடல் துறை இந்தத் திருத்தத்துக்காகக் கணக்கெடுத்தபோது, ரயில் வசதியுள்ள பகுதிகளின் மலிவு வாடகை மூத்தோர் வீடுகளில் நூறு குடும்பங்களுக்கு ஏறத்தாழ 5 கார்கள்தான் இருந்தன. நியூயார்க்கில் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் கார் கிடையாது. அறுபத்திரண்டு வயதைத் தாண்டி, மிகக் குறைந்த வருமானத்தில், காப்பீடும் எரிபொருளும் கட்டி ஒரு காரை வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

கட்டுமானச் செலவு இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. அடுக்கு நிறுத்துமிடமாகவோ நிலத்தடியிலோ கட்டினால் ஓர் இடத்துக்கு 50,000 டாலர்வரை ஆகும் என்பது துறை முன்வைத்த மதிப்பு. பரப்பையும் பார்க்க வேண்டும். கார் நிற்கும் கட்டம் சிறியதுதான். ஆனால் அது உள்ளே வரவும் திரும்பவும் வழி வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு காருக்கு 300 சதுர அடி என்று மண்டல விதியே கணக்கு வைக்கிறது. தனியாக வாழும் ஒரு முதியவருக்கான சிறிய வீடு 400 சதுர அடி அளவில் அமைந்துவிடும்.

ஒரு கற்பனைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். நூறு வீடுகள்; சட்டம் கேட்பது 20 கார் இடம்; இருப்பவை 5 கார். மீதி 15 இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். பரப்பில் அது 4,500 சதுர அடி, அதாவது பத்துப் பதினோரு சிறு வீடுகளின் அளவு. அடுக்கு நிறுத்துமிடமாக இருந்தால் செலவு ஏழரை லட்சம் டாலர்.

சந்தை விலைக் குடியிருப்பில் இந்தச் செலவை எப்படியாவது மீட்கலாம். நிறுத்துமிடத்தைத் தனியே வாடகைக்கு விடலாம், வீட்டு வாடகையில் ஏற்றலாம். மூத்தோர் மலிவுக் குடியிருப்பில் இரண்டு வழியும் அடைபட்டவை. வருமானம் குறைந்த மூத்தோர் வீடுகளுக்கான மத்திய அரசின் ‘பிரிவு 202’ திட்டம் 1959இலிருந்து இருக்கிறது. அதன்படி கட்டப்படும் வீடுகளில் வசிப்பவர் தம் வருமானத்தில் சுமார் 30 விழுக்காட்டை வாடகையாகத் தருகிறார்; மீதியை அரசு ஈடுகட்டுகிறது. வருமானம் உயராதவரை வாடகை உயராது. காலியாகக் கிடக்கும் 15 இடங்களின் செலவைத் தூக்கிக்கொள்ள அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. ஆக, அது வெளியிலிருந்து வரும் மானியத்தைத்தான் தின்னும். இன்னொரு முதியவருக்குப் போயிருக்க வேண்டிய மானியம் அது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2012 நிதியாண்டிலிருந்து சில ஆண்டுகள் பிரிவு 202இன்கீழ் புதிய கட்டுமானத்துக்கு நாடாளுமன்றம் பணமே ஒதுக்கவில்லை. வெளியே காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மூத்தோர் அமைப்புகளின் கூட்டமைப்பான ‘லைவ்ஆன் நியூயார்க்’ எடுத்த கணக்கின்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மூத்தோர் பட்டியல்களில் இருந்தார்கள். சராசரிக் காத்திருப்பு 7 ஆண்டு. எழுபது வயதில் பெயர் கொடுத்தால் எழுபத்தேழில் சாவி கிடைக்கும். அதே அமைப்பு பழைய பிரிவு 202 கட்டடங்களின் நிறுத்துமிடங்களையும் ஆராய்ந்தது. ரயிலுக்கு அருகே அரைகுறையாகப் பயன்படும் 39 நிறுத்துமிடங்களில் ஏறத்தாழ 2,000 வீடுகள் எழுப்பலாம் என்றது. நிலம் வாங்கும் வேலையே இல்லை. அது மூத்தோர் குடியிருப்புகளை நடத்தும் அமைப்புகளின் கையிலேயே இருக்கிறது.

விதியை நீக்கும் வாதத்தில் இதுதான் மிக வலுவானது என்று நினைக்கிறேன். வருங்காலக் கட்டடத்தில் மிச்சமாகும் பணம் ஒரு கணிப்பு. வெறும் தார்த்தரையாகக் கிடக்கும் நிலம் கண்ணெதிரே இருப்பது.

எதிர்ப்பு

வட்டாரவாசிகளைக் கொண்ட நகரின் 59 சமூக வாரியங்களில் பெரும்பாலானவை இந்தத் திருத்தத்தை எதிர்த்து வாக்களித்தன. அவற்றின் வாக்கு ஆலோசனை மட்டுமே, மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இத்தனை வாரியங்கள் ஒருசேர மறுத்தது மேயர் பில் டி பிளாசியோவின் நிர்வாகத்துக்குப் பெரிய சங்கடம். எல்லா மறுப்பும் பார்க்கிங்கால் வந்ததல்ல. உயரம், வாடகை நிலை, பழைய குடிமக்கள் வெளியேற்றப்படுவார்கள் என்ற பயம் எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தன. பார்க்கிங் பற்றிய பயம் மட்டும் எல்லோருக்கும் உடனே புரிகிற பயம்.

அதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. நியூயார்க்கில் தெருவோரம் பெரும்பாலும் இலவசம். அந்தந்தத் தெருவில் குடியிருப்பவருக்கென்று அனுமதிச் சீட்டு முறையும் கிடையாது. முதலில் வந்தவருக்கு இடம். இரவு வேலை முடிந்து வந்து, இடம் தேடித் தெருத் தெருவாகச் சுற்றுகிற ஒருவரிடம் ‘நூறு வீட்டுக்கு 5 கார்தான் வரும்’ என்றால், அந்த ஐந்தும் தன் தெருவுக்குத்தான் வரும் என்று அவர் நினைப்பதில் என்ன தவறு?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் காக்க விரும்புவது தெருவோர இலவச இடத்தை. அதற்கான விலையைக் கொடுக்கச் சொல்வது பக்கத்தில் கட்டப்படும் மூத்தோர் குடியிருப்பை. தெருவோரத்தை நகரம் ஒழுங்காக மேலாண்மை செய்யாததற்கு, காரே இல்லாத ஒரு மூதாட்டியின் கட்டட நிதியிலிருந்து அபராதம் கட்டுவது போன்றது இது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்ன வாதத்தின் சாரம் இதற்குப் பொருந்தும்: இலவசம் என்று தோன்றும் நிறுத்துமிடத்தின் விலையை வேறு யாரோ, வேறு ஏதோ ரூபத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மன்றத்தில் கடைசியில் சில திருத்தங்களோடு நிறைவேறியது. ‘பொதுப்போக்குவரத்து மண்டலம்’ என்று வரைபடத்தில் ஓர் எல்லை. அதற்குள் புதிய மூத்தோர் மலிவு வீடுகளுக்குப் பார்க்கிங் கட்டாயம் பூஜ்யம். எல்லைக்கு வெளியே, பத்து வீட்டுக்கு ஓர் இடம்.

அரை மைல் யாருடைய அரை மைல்?

அந்த எல்லையை எப்படி வரைந்தார்கள் என்பதில்தான் எனக்குப் பிணக்கு. பொதுவாகச் சொன்னால், சுரங்க ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ அரை மைலுக்குள், அதாவது 800 மீட்டருக்குள் உள்ள பகுதி. திட்டமிடல் துறைகள் உலகெங்கும் பயன்படுத்தும் அளவு இது; பத்து நிமிட நடை என்பார்கள். யார் நடந்தால் பத்து நிமிடம்? முழங்கால் தேய்ந்த, வழியில் உட்கார பெஞ்சு தேடுகிற எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது இருபது நிமிடம். பனிக்காலத்தில் அந்தத் தூரத்தை அவர் யோசிக்கவே மாட்டார்.

நடந்தே சேர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் 472 சுரங்க ரயில் நிலையங்கள் இருக்கின்றன. விதி நிறைவேறிய காலத்தில், படி ஏறாமல் நடைமேடைக்குப் போகக்கூடியவை ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். லிஃப்ட் இல்லாத நிலையத்தைச் சுற்றி அரை மைல் வட்டம் போட்டு, ‘இங்கே மூத்தோருக்குப் பொதுப்போக்குவரத்து வசதி இருக்கிறது’ என்று வரைபடம் சொன்னது. மாற்றுத்திறனாளிகள் தொடுத்த வழக்குகளுக்குப் பிறகு 2022இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2055க்குள் 95 விழுக்காடு நிலையங்களில் படியில்லா வழி அமைய வேண்டும். கெடு நன்றாகத்தான் இருக்கிறது. 62 வயதில் இந்த வீடுகளில் குடியேறியவர்களுக்கு அது எந்த விதத்தில் பயன்படும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இதனால் பார்க்கிங் கட்டாயத்தை வைத்திருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. படியேற முடியாதவரிடம் திடீரென்று கார் முளைத்துவிடாது. ரயிலுக்கு அருகில் இருப்பதால் மூத்தோரிடம் கார் குறைவாக இருக்கிறது என்ற விளக்கம் பாதி உண்மை. வருமானமும் வயதும் உடல்நிலையும் சேர்ந்துதான் அந்த 5 என்ற எண்ணை உண்டாக்குகின்றன. அப்படியானால் அவர்கள் எப்படிப் போய்வருகிறார்கள்? பெரும்பாலும் பஸ். நகரப் பஸ்கள் எல்லாவற்றிலும் சாய்தளமோ தூக்கியோ உண்டு. நிறுத்தம் பக்கத்துத் தெருமுனையிலேயே இருக்கும். 65 வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம். பஸ்ஸில் ஏற முடியாதவர்களுக்கு ‘ஆக்சஸ்-ஏ-ரைடு’ என்ற முன்பதிவு வண்டிச் சேவை. வரைபடம் வரைந்தவர்கள் ரயிலை வைத்துக் கோடு போட்டார்கள். மூத்தோர் வாழ்க்கையோ பஸ் நிறுத்தத்தையும் வாசலையும் வைத்து நடக்கிறது.

கலிஃபோர்னியா இந்த இடத்தில் வேறு மாதிரி யோசித்தது. 2015இல் அங்கே இயற்றப்பட்ட ஏபி 744 என்ற சட்டம், முழுவதும் மலிவு வாடகை வீடுகளாக இருக்கும் 62 வயதுக்கு மேற்பட்டோர் குடியிருப்புகளில் இரண்டு வீட்டுக்கு ஓர் இடத்துக்கு மேல் உள்ளூர் நிர்வாகம் கேட்கக் கூடாது என்றது. எண்ணாகப் பார்த்தால் நியூயார்க்கைவிடக் கஞ்சத்தனம். ஆனால் அது வைத்த நிபந்தனை எனக்குப் பிடித்தது: கட்டடத்துக்கு முன்பதிவு வண்டிச் சேவை இருக்க வேண்டும், இல்லையென்றால், நாளுக்குக் குறைந்தது 8 முறை ஓடும் பஸ் தடம் அரை மைலுக்குள், தடையில்லாத வழியில் இருக்க வேண்டும். குறுக்கே நெடுஞ்சாலையோ ஆறோ மலையோ இருந்தால் அது தடையில்லாத வழி ஆகாது. அரை மைல் என்ற வட்டத்தின்மேல் உண்மையான ஒரு நடையைப் பொருத்திப் பார்த்த விதி அது.

பிறகு 2022இல் ஏபி 2097 வந்தது. முக்கியப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் எந்தக் கட்டடத்துக்கும் பெரும்பாலும் குறைந்தபட்ச அளவு கிடையாது. விதிவிலக்காக உள்ளூர் நிர்வாகம் காரணம் காட்டிக் கட்டாயப்படுத்த வழி வைத்தார்கள். வீடுகளில் 20 விழுக்காடாவது மலிவு வாடகைக்கோ மூத்தோருக்கோ ஒதுக்கியிருந்தால் அந்த வழியும் மூடப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களைப் பற்றிய தேவை அப்படியே தொடரும் என்றும் எழுதிவைத்தார்கள்.

வாசலில் நிற்கும் வண்டி

கடைசியாகச் சொன்ன அந்த வரிக்கு ஏன் மதிப்பு அதிகம் என்று பார்ப்போம். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் தரநிலைகள், கட்டப்படும் நிறுத்துமிடத்தில் முதல் 25 இடங்களுக்குள் ஒன்றை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கின்றன. எத்தனை கட்டுகிறோமோ அதில் இத்தனை என்ற கணக்கு. ஒன்றுமே கட்டாவிட்டால் ஒதுக்கவும் ஒன்றுமில்லை. நியூயார்க்கில் கட்டாயம் பூஜ்யமானபோது, மூத்தோர் கட்டடம் ஒன்றில் மாற்றுத்திறனாளிக்கான இடமும் பூஜ்யமாக இருக்க வழி பிறந்தது.

ஏறி இறங்கும் இடத்துக்கும் இதே கதைதான். நோயாளிகள் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கும் மருத்துவ, நீண்டகாலப் பராமரிப்பு நிலையங்களின் வாசலில் பயணிகள் ஏறி இறங்க ஓர் இடம் கட்டாயம். மூத்தோர் தனித்தனி வீடுகளில் வாழும் குடியிருப்பு அந்த வகைக்குள் வராது. குடியிருப்பவர்கள் ஒரே வயதினர், ஒரே மூட்டுவலிக்காரர்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் இது சாதாரண அடுக்குமாடி.

இப்போது ஒரு காலை நேரத்தை எண்ணிப்பாருங்கள். ஆக்சஸ்-ஏ-ரைடு வண்டி வருகிறது. தெருவோரம் முழுக்கக் கார்கள். வண்டி நடுச்சாலையில் இரட்டை வரிசையில் நிற்கிறது. குறித்த நேரத்துக்குப் பிறகு ஓட்டுநர் 5 நிமிடம்தான் காத்திருக்க வேண்டும் என்பது விதி. நான்காம் மாடியிலிருந்து நடைச்சட்டத்தோடு ஒருவர் லிஃப்ட்டில் இறங்கி, கூடத்தைக் கடந்து, இரண்டு பம்பர்களுக்கு நடுவே வழி தேடி, சாலைக்குள் இறங்கி, பின்னால் ஹார்ன் அடிக்கும் வண்டிகளுக்கு முன்னே ஏற வேண்டும். சக்கர நாற்காலி என்றால் பக்கவாட்டுச் சாய்தளம் இறங்க இடமே இல்லை. டயாலிசிஸ் வண்டி, ஆம்புலன்ஸ், மருந்துக்கடைப் பையன், மருத்துவரிடம் கூட்டிப்போக வந்த மகள் என எல்லோருக்கும் இதே பாடு. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் உதவியாளர்களில் பலர் ரயிலிலும் பஸ்ஸிலும் வருபவர்கள். அவர்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இந்த வண்டிகள் எதுவும் அங்கே தங்குவதில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், போய்விடும். சேமித்துவைக்கும் இடம் என்ற பொருளில் பார்க்கிங் விதி கேட்ட எதுவும் இவற்றுக்கு உதவியிருக்காது. பழைய விதிப்படி கட்டிய 20 இடங்களும் பின்புறத்திலோ நிலத்தடியிலோதான் இருந்திருக்கும். ஆம்புலன்ஸ் அங்கே போகாது.

தேவைப்படுவது எவ்வளவு? அதே 2010 தரநிலைகளில் அளவு இருக்கிறது. வண்டி நிற்க 8 அடி அகலம், 20 அடி நீளம். அதையொட்டி, சாய்தளம் இறங்க 5 அடி அகலப் பாதை. கூட்டினால் 260 சதுர அடி. ஒரே ஒரு காருக்கு மண்டல விதி ஒதுக்கும் 300 சதுர அடியைவிடக் குறைவு. நம் கற்பனைக் கட்டடத்தில் வெறுமையாகக் கிடந்த 15 இடங்களில் ஒன்றின் பரப்பு போதும். நூறு வீட்டுக்கும் வாசல் கிடைத்திருக்கும்.

இவ்வளவு சிறிய ஏற்பாடு ஏன் விடுபட்டது? அலட்சியம் என்று சொல்வது எளிது. எனக்குத் தோன்றும் காரணம் நிர்வாக எல்லை. மண்டல விதி மனையின் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. நடைபாதை விளிம்பும் தெருவோரப் பலகைகளும் போக்குவரத்துத் துறையின் கையில். திட்டமிடல் துறை தன் கையில் இருந்ததை, அதாவது மனைக்குள் கட்ட வேண்டிய இடத்தை, எடுத்துவிட்டது. தன் கையில் இல்லாததைப் பற்றி எழுதவில்லை. எதிர்த்தவர்களும் அந்த மனை எல்லைக்குள் இடம் கேட்டார்களே ஒழிய, தெருவோரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தங்கள் இலவச இடங்களில் ஒன்றிரண்டு அல்லவா போயிருக்கும்.

2024

எட்டாண்டு கழித்து, 2024 டிசம்பர் 5 அன்று, ‘சிட்டி ஆஃப் யெஸ்’ என்ற பெரிய வீட்டுவசதித் திருத்தத்தை மன்றம் 31க்கு 20 என்ற வாக்குகளில் ஏற்றது. மேயர் எரிக் ஆடம்ஸின் நிர்வாகம் முதலில் கேட்டது, நகர் முழுவதும் எல்லாப் புதிய வீடுகளுக்கும் பார்க்கிங் கட்டாயத்தை ஒழிக்க வேண்டும் என்பது. மன்றம் அதை மூன்று வளையங்களாகப் பிரித்தது: உள்வளையத்தில் கட்டாயமே இல்லை, அடுத்ததில் குறைவு, வெளிவளையத்தில் பெரும்பாலும் தொடரும். 40க்கு 6 என்று நிறைவேறிய 2016ஐவிட இது நெருக்கமான வாக்கு என்பதைக் கவனிக்கலாம். மூத்தோர் வீடு என்றபோது உயர்ந்த அளவு கைகள், எல்லா வீட்டுக்கும் என்றதும் உயரவில்லை.

இனி மற்ற நகரங்கள் இந்த வழியில் போகும்போது நியூயார்க்கின் விதியை அப்படியே படியெடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கட்டாயத்தை எடுக்கும் அதே அறிவிக்கையில், மூத்தோர் குடியிருப்பின் வாசல் முன்னே 20 அடி நடைபாதை விளிம்பை ஏறி இறங்கும் இடமாகப் போக்குவரத்துத் துறை குறித்துத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். தெருவில் ஒரு கார் இடம் போகும். அருகாமையை ரயிலை வைத்து அளக்காமல், படியில்லாமல் ஏறக்கூடிய நிறுத்தத்தை வைத்து அளக்கலாம். பழைய கட்டடங்களின் காலி நிறுத்துமிடங்களில் புதுவீடு எழுப்ப அனுமதிக்கும்போது, அங்கே ஏற்கெனவே மாற்றுத்திறனாளிகளுக்கென்று இருந்த இடங்கள் எங்கே போகும் என்பதற்கு வரைபடத்திலேயே பதில் கேட்கலாம்.

இன்று நியூயார்க்கில் இப்படியொரு குடியிருப்பைக் கட்டும் அமைப்பு, கட்டட அனுமதியில் பார்க்கிங் பகுதியை வெறுமையாக விட்டுவிடலாம். வாசலில் வண்டி நிற்க ஒரு பலகை வேண்டுமென்றால், அதற்குத் தனியாக இன்னொரு துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.